சாமி மக்களின் பண்பாட்டைப் பார்க்க ரோவனியெமி போதுமா?

2024 ஒக்டோபர் 9, கேள்வி

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பின்லாந்து போகிறோம். வட பின்லாந்தின் ரோவனியெமியில் ஐந்து இரவு. சான்டா கிராமம், கண்ணாடி இக்லூ, நாய் வண்டி எல்லாம் பதிவு செய்தாயிற்று. வட ஐரோப்பாவின் பழங்குடியான சாமி மக்களைக் காட்டுவதாக, 'சாமி அனுபவம்' என்று இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. கூடாரத்தில் தீ மூட்டி உட்காரலாம், ரெயின்டீர் மான் இழுக்கும் வண்டியில் ஏறலாம், அவர்களுடைய உடையைப் போட்டுப் படம் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அந்த மக்களின் வாழ்க்கையைக் காட்ட இது போதுமா? வடக்கில் இருக்கிற அண்ணாமார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

ஒக்டோபர் 9, இரவு, பதில்

போதாது, தம்பி.

ரோவனியெமி நல்ல ஊர், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், போய் வாருங்கள். ஆனால் பின்லாந்துச் சட்டம் சாமி தாயகம் என்று வரையறுத்திருக்கிற பகுதிக்குள் அது வராது. எனொன்தெகியோ, இனாரி, உட்ஸ்யோகி, அப்புறம் சொதன்கூலாவின் வடபகுதி, இவைதான் அந்தத் தாயகம். ரோவனியெமியிலிருந்து இனாரி ஏறக்குறைய 325 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பஸ்ஸில் அரை நாள் போகும்.

இக்லூ என்ற பனிக்கட்டி வீடு கனடா, கிரீன்லாந்துப் பக்கத்து இனுவிட் மக்களுடையது. சாமி மக்கள் இக்லூ கட்டியதில்லை. கண்ணாடி இக்லூ ஹோட்டல்காரர்களின் யோசனை. ஹஸ்கி நாய் வண்டியும் அவர்கள் வழக்கம் அல்ல. அவர்களுடைய நாய் மந்தையை மடக்குகிற நாய். வண்டி இழுத்தது ரெயின்டீர். நாய் வண்டிகள் மேய்ச்சல் நிலத்துக்குள் போய் மான்களைக் கலைத்துவிடுகின்றன என்று மேய்ப்பவர்கள் நீண்ட காலமாகவே சொல்லி வருகிறார்கள்.

ஐந்து இரவில் இரண்டை இனாரிக்குக் கொடுங்கள். ரோவனியெமியிலிருந்து பஸ் இருக்கிறது. விமானத்தில் போவதென்றால் இவாலோவில் இறங்கினால் இனாரி கிட்ட.

ஒக்டோபர் 10

'இவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நோர்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் வடபகுதியும் ரஷ்யாவின் கோலா தீபகற்பமும் சேர்ந்ததுதான் அவர்கள் நிலம். அதை அவர்கள் சாப்மி என்கிறார்கள். எல்லைக் கோடுகள் பின்னால் வந்தவை. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 80,000 முதல் 1,00,000 பேர். பாதிக்கு மேல் நோர்வேயில். உயிரோடு இருக்கிற சாமி மொழிகள் ஒன்பது. வட சாமி பேசுகிறவருக்குத் தென் சாமி புரியாது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் வரும் 'லாப்' என்ற பெயரை அவர்களிடம் சொல்ல வேண்டாம், அது வசை.

'எல்லாரும் மான் மேய்க்கிற நாடோடிகள்' என்று இன்னொருவர் எழுதியிருப்பதும் சரியல்ல. நோர்வேயில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் மான் வளர்ப்போடு தொடர்பு. மற்றவர்கள் ஆசிரியர், தாதி, மீனவர், வக்கீல். கடற்கரையில் மீன்பிடித்து, நாலு ஆடு வளர்த்து வாழ்ந்தவர்கள்தான் ஒரு காலத்தில் பெரும் பகுதி.

இந்தக் கடற்கரைச் சாமி மக்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது. நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் பலர் 80களின் பிற்பகுதியிலும் 90களிலும் நாட்டின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் முதலில் வேலை செய்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியும். நானும் அப்படித்தான். கொட் மீனைத் துண்டு போடுகிற மேசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா நிற்பார். அந்த ஊர்க்காரர், நோர்வேஜிய மொழிதான் பேசுவார், நானும் அவரை நோர்வேஜியர் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், 'வீட்டில் பிள்ளைகளோடு என்ன மொழி பேசுகிறீர்கள்' என்று கேட்டார். தமிழ் என்றேன். 'விட்டுவிடாதீர்கள்' என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொன்னார்: அவருடைய அம்மாவும் பாட்டியும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாமி மொழியில் பேசுவார்களாம். பிள்ளைகள் உள்ளே வந்தால் உடனே நோர்வேஜியத்துக்கு மாறிவிடுவார்களாம். இவருக்குத் தெரிந்தது சில மீன்களின் பெயரும் சில காற்றுகளின் பெயரும் மட்டும்.

அந்த ஊரில் சாமி மக்கள் இருக்கிறார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

ஒக்டோபர் 13

இனாரியில் என்ன பார்ப்பது என்று கேட்டதற்கு.

முதலில் சீடா. சாமி அருங்காட்சியகமும் அந்த வட்டார இயற்கை மையமும் ஒரே கூரையின் கீழ். இப்போதுள்ள கட்டடம் 1998இல் திறந்தது. 2022இல் முழுக்கப் புதுப்பித்துப் புதுக் காட்சி வைத்தார்கள். இந்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான விருது அதற்குத்தான் கிடைத்தது. விருதை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2021இல் நடந்தது. ஹெல்சின்கியின் தேசிய அருங்காட்சியகம் தன்னிடமிருந்த சாமி சேகரிப்பை, 2,200க்கு மேற்பட்ட பொருட்களை, சீடாவின் உடைமையாகவே திருப்பிக் கொடுத்தது. தொட்டில், கத்தி உறை, தொப்பி, கரண்டி. பாட்டனின் கையால் செய்த பொருளைப் பேரன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, அந்தத் தையலை மறுபடி கற்றுக்கொள்ள முடிகிறது.

மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிள்ளைகள் விலங்குகள், பருவங்கள் பகுதியில் நிற்பார்கள். அங்கே வருடத்துக்கு எட்டுப் பருவம். மான் குட்டி போடுவது, காது அடையாளம் வெட்டுவது, இனச்சேர்க்கை, குளிர்கால மேய்ச்சலுக்கு இறங்குவது என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வேலை. வெளியே பழைய மரக் குடில்கள், பொறிகள், படகுகள் இருக்கின்றன. அது கோடையில்தான் நன்றாகப் பார்க்கக் கிடைக்கும்.

இரண்டாவது சாயொஸ். 2012இல் திறந்தது. பின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் கூடுகிற இடம், நூலகம், ஆவணக் காப்பகம் எல்லாம் அங்கேதான். கைவினைப் பொருள் வாங்குவதை இந்த இரண்டு இடங்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் பெரும்பாலான நாட்கள் அங்கே சூரியன் எழாது. நண்பகலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே ஏரிக் கரையை நண்பகலிலும் அருங்காட்சியகத்தை அதற்குப் பிறகும் வையுங்கள். பியல்பயார்வி காட்டுத் தேவாலயம் 1760 வாக்கில் கட்டியது, அழகான இடம், ஆனால் காட்டுக்குள் நடந்து போக வேண்டும். பிள்ளைகளோடு குளிரில் வேண்டாம். ஏரியில் உக்கோ என்ற பாறைத் தீவு இருக்கிறது, பழைய பலியிடம். கோடையில் படகில் போகிறவர்கள் கரையிறங்காமல் பார்த்துத் திரும்புவதே மரியாதை.

ஒக்டோபர் 14

அந்த உடைப் படத்தைப் பற்றி.

அந்த உடைக்குப் பெயர் காக்தி. நிறம், ஓரப் பட்டை, தொப்பியின் வடிவம் எல்லாம் எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லும். சில ஊர்களில் இடைவாரின் பொத்தான் வட்டமா சதுரமா என்பதிலேயே திருமணம் ஆனவரா இல்லையா என்று தெரியும். சுற்றுலாக் கடையில் தொங்குகிற நைலோன் காக்தி எந்த ஊரையும் சொல்லாது, எந்தக் குடும்பத்தையும் சொல்லாது. சாமி அல்லாத வேலையாட்களுக்கு அதைப் போட்டு வாசலில் நிறுத்துவதைச் சாமி இளைஞர்கள் பல வருடங்களாக எதிர்த்து வருகிறார்கள். பின்லாந்துச் சாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கென்று நெறிமுறை வகுத்தது. அதன் சாரம் எளிமையானது: சாமி பண்பாட்டைக் காட்டுவதாகச் சொல்லும் நிகழ்ச்சியைச் சாமி மக்களோடு சேர்ந்து, அவர்கள் சம்மதத்தோடு செய்யுங்கள், தனி வாழ்க்கைக்குள்ளும் புனித இடத்துக்குள்ளும் நுழையாதீர்கள்.

நிகழ்ச்சியைப் பதிவு செய்வதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போதும். யார் நடத்துகிறார்கள், அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று கேளுங்கள். சாமி குடும்பம் என்றால் நேராகப் பதில் வரும்.

ஒக்டோபர் 16

ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: 'வெள்ளைக்காரப் பெண் சேலை கட்டினால் நாம் பெருமைப்படுகிறோம், இதில் மட்டும் என்ன குறை?'

நியாயமான கேள்வி. இரண்டு நாளாக அதையே யோசித்தேன். சேலையை யாரும் வாங்கலாம், யாரும் கட்டலாம், கடைக்காரரும் கட்டிக் காட்டுவார். காக்தி அப்படி விற்பனைக்கு வந்த உடை அல்ல. பெரும்பாலும் அம்மாவோ பெரியம்மாவோ தைத்துக் கொடுப்பது. இன்னொன்று, அதைப் போட்டதற்காகப் பள்ளியில் கேலிக்கு ஆளாகி, பெட்டிக்குள் மடித்து வைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கண்முன்னே, அந்த உடையால் ஒரு காலத்திலும் சிரமப்படாதவர்கள் அதை வைத்துக் காசு பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். ஒரு சாமி தோழி தன் காக்தியை உங்கள் மகளுக்குப் போட்டுவிட்டால் அது வேறு. அது அன்பு.

ஒக்டோபர் 20

ரெயின்டீர் பண்ணை நடத்துகிற, சாமி அல்லாத ஃபின் குடும்பத்தைத் தெரிந்த ஒருவர், 'அவர்களைப் போலி என்கிறீர்களா' என்று கேட்டிருக்கிறார். இல்லை. நோர்வேயிலும் சுவீடனிலும் மான் வளர்ப்பு உரிமை, சில விலக்குகள் தவிர, சாமி மக்களுக்கே உரியது. பின்லாந்துச் சட்டம் வேறு: மான் வளர்ப்புப் பகுதியில் வசிக்கிற எந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனும் மான் வைத்திருக்கலாம். தலைமுறைகளாக அதையே செய்யும் ஃபின் குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள் பண்ணைக்குப் போங்கள், மானுக்குத் தீவனம் கொடுங்கள், நல்ல அனுபவம். அதற்குச் சாமி என்ற பெயரை ஒட்டுவதைத்தான் சொன்னேன்.

மேய்ப்பவரிடம் 'உங்களிடம் எத்தனை மான்' என்று கேட்க வேண்டாம். அது அவருடைய சொத்துக் கணக்கு. எங்கள் ஆட்கள் பேச்சைத் தொடங்க முதலில் கேட்பதே அதுதான், அதனால்தான் சொல்கிறேன். காது அடையாளத்தைப் பற்றிக் கேளுங்கள், முகம் மலரும். ஒவ்வொரு உரிமையாளருக்கும் தனி வெட்டு. கோடையில், இரவிலும் வெளிச்சம் இருக்கும் நாட்களில் மந்தையைச் சேர்த்து, எந்தக் குட்டி எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று பார்த்துப் பிடித்து வெட்டுவார்கள். ஓடுகிற மந்தையில் தங்கள் வெட்டைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண் அவர்களுக்கு.

நவம்பர் 13

நேற்று நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. சாமி மக்களிடமும், கூடவே குவென், காட்டு ஃபின் என்ற ஃபின் வழிச் சிறுபான்மை மக்களிடமும். 2023 ஜூன் 1 அன்று உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சி இது. மன்னர் ஹரால்ட் 1997இலேயே சாமி நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்துப் பேசும்போது மன்னிப்புக் கேட்டிருந்தார்.

எதற்கு மன்னிப்பு என்று தெரியாமல் அங்கே போனால் பாதிதான் கண்ணில் படும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருடத்துக்கு மேலாக, சாமி பிள்ளைகளை நோர்வேஜியராக்குவது அரசுக் கொள்கையாக இருந்தது. பள்ளியில் தாய்மொழி கூடாது. வீடு தூரம் என்றால் விடுதிப் பள்ளி. 1902 நிலச் சட்டத்தின்படி ஃபின்மார்க்கில் அரசு நிலம் வாங்க நோர்வேஜிய மொழி பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மீன் மேசையில் என் பக்கத்தில் நின்ற அம்மாவின் பாட்டி ஏன் கதவைச் சாத்தினார் என்பது அந்தச் சட்டங்களைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அவர் இப்போது இல்லை. நேற்று நேரலை பார்க்கும்போது அவரைத்தான் நினைத்தேன்.

நவம்பர் 15

'சுற்றுலா கேட்டால் அரசியல் பேசுகிறீர்கள்' என்று ஒரு தம்பி குறைப்பட்டிருக்கிறார். பண்பாடு என்று தனியாக எடுத்துக் காட்ட அங்கே எதுவும் இல்லை, தம்பி. மானுக்கு நிலம் வேண்டும். நிலத்தில் அணை வந்தாலும் காற்றாலை வந்தாலும் சுரங்கம் வந்தாலும் மந்தையின் வழி அடைபடும்.

1979இல் வட நோர்வேயின் அல்தா ஆற்றில் அணை கட்டப் போனபோது சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் லாவ்வு கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை கட்டப்பட்டது, 1987இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1989இல் கராஸ்யோக்கில் சாமி நாடாளுமன்றம் வந்தது. 2000இல் திறந்த அதன் கட்டடத்தைப் பாருங்கள்: கூட்ட மண்டபம் லாவ்வு வடிவத்தில் நிற்கிறது. உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். சுவீடனில் 1993இல், பின்லாந்தில் 1996இல் அவர்களுக்கென்று நாடாளுமன்றங்கள் வந்தன.

நடு நோர்வேயின் ஃபோசன் பகுதியில் நடந்தது இன்னும் அண்மையானது. 2021 ஒக்டோபர் 11 அன்று நோர்வே உச்ச நீதிமன்றம், அங்கே கட்டிய காற்றாலைகளுக்கான அனுமதி சாமி மேய்ப்பவர்களின் பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 151 காற்றாலைகள் அதற்குப் பிறகும் சுற்றின. 2023 பெப்ரவரியில் சாமி இளைஞர்கள் காக்தியோடு அமைச்சகத்தின் உள்ளே உட்கார்ந்தார்கள், வாசல்களை மறித்தார்கள். கடைசியில் மேய்ப்பவர் குழுக்களோடு உடன்பாடுகள் எட்டப்பட்டன. ஆலைகள் இன்றும் நிற்கின்றன.

ஒஸ்லோவோடு திரும்புகிறவர்களுக்கு ஒன்று. மான்களைக் கட்டாயமாகக் குறைக்கச் சொன்ன அரசு உத்தரவை எதிர்த்து ஒரு சாமி இளைஞர் வழக்காடியபோது, அவருடைய அக்கா, கலைஞர் மாரெட் ஆன்னெ சாரா 2017இல் 400 ரெயின்டீர் மண்டையோடுகளைத் திரைபோல் கோத்து நாடாளுமன்றத்தின் முன் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் துப்பாக்கிக் குண்டின் ஓட்டை. தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கி, 2022இல் புதுக் கட்டடம் திறந்தபோது நுழைவிடத்தில் வைத்தது. அதன் முன்னால் நின்றால் அரசியலையும் பண்பாட்டையும் பிரிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

டிசம்பர் 1

யோய்க் என்ற சாமி பாட்டை எங்கே கேட்கலாம்? ஹோட்டல் இரவுச் சாப்பாட்டில் ஒருவர் வந்து பாடுவதைக் கேட்பதில் தவறில்லை, அவர் சாமி கலைஞராக இருந்தால். ஆனால் தானாக வருகிற யோய்க் வேறு மாதிரி. ஈஸ்டர் நேரம் வட நோர்வேயின் கௌத்தொகெய்னோவில் ஒரு குடும்பத்தோடு கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, இறந்துபோன சித்தப்பாவின் பேச்சு வந்தது. வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தி மெதுவாக யோய்க் செய்யத் தொடங்கினார். அது சித்தப்பாவின் யோய்க். ஒவ்வொருவருக்கும் தனி மெட்டு இருக்கலாம். யாராவது அவருக்கென்று உண்டாக்கிக் கொடுப்பது. சொல் மிகக் குறைவு. மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள், 'அவரேதான்' என்று ஒருவர் சொன்னார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, மறுபடி கோப்பி ஊற்றினார்கள்.

பாதிரிமார் இதைப் பாவம் என்றார்கள். நோர்வேயில் சில பள்ளிகளில் 1950களிலும் யோய்க் தடை. 1994 லில்லெஹாம்மர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் சாமி கலைஞர் நில்ஸ்-அஸ்லாக் வால்கெயாபா யோய்க் செய்ததை உலகமே பார்த்தது. ஏறக்குறைய நாற்பது வருடத்தில் அந்த மாற்றம்.

விழாவாகக் கேட்க இரண்டு இடம் சொல்வேன். ஈஸ்டரில் கௌத்தொகெய்னோ: யோய்க் போட்டி, மான் பந்தயம், கல்யாணங்கள். ஜூலையில் கோஃபியோர்ட்டில் ரித்து ரித்து விழா. 1991இல் கடற்கரைச் சாமி இளைஞர்கள் தொடங்கியது. தங்கள் பெற்றோர் மறைத்த அடையாளத்தைப் பகிரங்கமாக எடுத்துக்கொண்டவர்கள். மீன் மேசை அம்மாவைப் பற்றி எழுதினேனே, அவர் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

டிசம்பர் 3

சாப்பாடு. பிடோஸ் என்பது மான் இறைச்சி, உருளைக்கிழங்கு, கரட் போட்டு மெதுவாக வேகவைக்கும் குழம்பு. உப்புதான் மசாலா. முதல் வாயில் எங்கள் நாக்குக்கு ஏதோ குறைவது போல இருக்கும், மூன்றாவது வாயில் இறைச்சியின் சுவை பிடிபடும். மிளகாய்த்தூள் கொண்டுபோக வேண்டாம். கோப்பியில் பாற்கட்டித் துண்டு போட்டுக் குடிப்பார்கள், காய்ந்த இறைச்சியும் போடுவார்கள், தயங்காமல் குடியுங்கள். கல்லில் சுட்ட மென்மையான ரொட்டி, ஏரி மீன், மஞ்சள் நிற மல்டே பெரி.

சைவக்காரருக்கு: ரொட்டி, உருளைக்கிழங்கு, பெரி கிடைக்கும். முன்கூட்டியே சொன்னால் சூப் செய்து தருவார்கள். மான் இல்லாத உணவு அந்த நிலத்தில் இயல்பானது அல்ல, அதற்காக முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

2025 ஜனவரி 8

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். இரண்டு இரவு இனாரி போயிருக்கிறார்கள். சின்னவனுக்குச் சீடாவில் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டதாம், பெரியவள் கடைசிவரை நகரவில்லையாம். சாமி குடும்பம் ஒன்று நடத்தும் இடத்தில் தீயடியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். உடை போட்டுப் படம் எடுக்கவில்லை. வீட்டுக்காரரின் மகள் இனாரி சாமி மொழிப் பாலர் நிலையத்தில் படித்தவர் என்று எழுதியிருக்கிறார்.

அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். இனாரி சாமி பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். 90களில் வீட்டில் அந்த மொழி கேட்டு வளர்கிற குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். 1997இல் மொழிக் கூடு ஒன்று தொடங்கினார்கள்: பாலர் நிலையத்தில் பெரியவர்கள் பிள்ளைகளோடு இனாரி சாமியில் மட்டுமே பேசுவது. பிறகு பெரியவர்களுக்கே ஒரு வருடப் படிப்பு வைத்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று பாட்டுக் கட்டுகிறார்கள், செய்தி வாசிக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளோடு அதில் பேசுகிறார்கள். வெளிநாட்டில் தமிழ்ப் பள்ளி நடத்துகிற நம்மவர்கள் இதைப் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு போதாது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

ஜனவரி 11

சாமி மக்களில் ஒரு பிரிவினரான ஸ்கோல்ட் சாமி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1944இல் பின்லாந்திடமிருந்த பெட்சமோ பகுதி சோவியத் கைக்குப் போனபோது அங்கிருந்த ஸ்கோல்ட் மக்கள் பின்லாந்துக்குள் குடியேற வேண்டியதாயிற்று. செவெத்தியார்வியில் இன்றும் இருக்கிறார்கள், ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், நோர்வேயின் நெய்டனில் அவர்களுடைய அருங்காட்சியகம் 2017இல் திறந்தது. கிட்டவே 1565 என்று காலம் சொல்லப்படும் ஒரு சின்ன மரத் தேவாலயம். கிர்கெனெஸ் போகிறவர்கள் விடாதீர்கள்.

பெப்ரவரி 6

இன்று சாமி தேசிய நாள். 1917 பெப்ரவரி 6 அன்று ட்ரொண்ட்ஹைமில் எல்லை கடந்து சாமி மக்கள் முதல்முறை கூடினார்கள். கூட்டியவர்களில் முதன்மையானவர் எல்சா லௌலா ரென்பெர்க் என்ற பெண். கொடி 1986இல் வந்தது: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், நடுவில் சூரியனும் சந்திரனும் சேர்ந்த வட்டம்.

இந்த வருடம் சுவீடனின் யொக்மொக் சந்தையும் இன்றே தொடங்குகிறது, பெப்ரவரியின் முதல் வியாழன் என்பதால். சுவீடன் அரசர் வரி வசூலிக்கவும் மதம் பரப்பவும் வசதியாக 1605இல் ஏற்படுத்திய சந்தை. அதை மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். குளிர் மைனஸ் 30 பாகைக்கும் கீழே போகும், இரண்டு சோடிக் கம்பளிக் காலுறை வேண்டும். ஊரிலேயே ஆய்த்தே அருங்காட்சியகம் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் சாமி துவொட்ஜி முத்திரையைப் பாருங்கள். 1982 முதல் இருக்கிறது, கைவினைஞர் சாமி என்பதற்கு அடையாளம். குக்சி என்ற மரக் கோப்பை, மரத்தில் பிதுங்கி வளர்ந்த முடிச்சைக் குடைந்து, மாதக்கணக்கில் காயவைத்துச் செய்வது. விலை கூடத்தான் இருக்கும். அதே வடிவத்தில் இயந்திரம் கடைந்த கோப்பை விமான நிலையத்தில் கால்வாசி விலைக்குக் கிடைக்கும், அந்தக் காசில் ஒரு சதமும் சாப்மிக்குப் போகாது. பணம் குறைவென்றால் சின்னதாக ஒரு நெய்த பட்டை வாங்குங்கள், செய்தவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

பெப்ரவரி 9

சாமி மக்களின் பழைய சடங்கு மத்தளம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். 'மந்திர மத்தளம்' என்று கடைகளில் விற்கிறதை விடுங்கள்.

1691இல் கிழக்கு ஃபின்மார்க்கில் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற சாமி முதியவரின் மத்தளத்தைப் பறித்தார்கள். அடுத்த பெப்ரவரியில் வாட்சோவில் சூனிய விசாரணை. அந்தக் கிழவர் நீதிமன்றத்தில் மத்தளத்தை எடுத்து, அதில் வரைந்திருந்த ஒவ்வோர் உருவமும் என்ன என்று சொல்லியிருக்கிறார், அது எழுத்தில் இருக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன், காவலில் இருக்கும்போது மனநிலை சரியில்லாத ஒருவன் அவரைக் கோடரியால் கொன்றுவிட்டான். மத்தளம் டென்மார்க் அரச சேகரிப்புக்குப் போனது. 1979இல் கராஸ்யோக் அருங்காட்சியகத்துக்குக் கடனாக வந்தது. சொந்தமாகத் திரும்பியது 2022இல். முந்நூறு வருடத்துக்கு மேல்.

அதே கிழக்கு ஃபின்மார்க் கரையில், வார்டோவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்ட 91 பேருக்கு நினைவிடம் இருக்கிறது, 2011இல் திறந்தது. நீளமான துணிக் கூடம், ஆளுக்கு ஒரு சின்ன சன்னல், ஒரு விளக்கு, ஒரு பெயர். பெரும்பாலும் நோர்வேஜியப் பெண்கள். சாமி ஆட்களும் அதில் உண்டு. எங்கள் ஆட்கள் அந்தக் கரையில் எத்தனையோ வருடம் வேலை செய்தும் இதைப் பார்க்காமலே தெற்கே இறங்கிவிட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், அம்மா அப்பா வேலை செய்த ஊரையும் காட்டின மாதிரி இருக்கும்.

பெப்ரவரி 22

ஈஸ்டருக்குக் கௌத்தொகெய்னோ போக இரண்டு குடும்பம் கேட்டிருக்கிறது. இந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 20, அறைகள் இப்போதே தீர்ந்திருக்கும். அல்தாவில் தங்கி வண்டியில் போய் வாருங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கல்யாண ஊர்வலம் தெருவில் போனால் தூரத்திலிருந்து பார்க்கலாம். கேட்காமல் முகத்துக்கு நேரே படம் எடுக்க வேண்டாம். 'பூரேஸ்' என்றால் வணக்கம், 'கீத்து' என்றால் நன்றி, இரண்டும் போதும்.

மேய்ப்பவரைச் சந்தித்தால் குளிர்காலம் எப்படிப் போனது என்று கேளுங்கள். இப்போது நடுக்குளிரில் மழை பெய்கிறது, அது உறைந்து பனிக்கு அடியில் பனிக்கட்டித் தட்டு போட்டுவிடுகிறது. மான் காலால் தோண்டிப் பாசியை எடுக்க முடியாது. தீவனம் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. செலவு, கடன். அவர்கள் வீட்டில் இப்போது அதிகம் பேசுவது இதைத்தான்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: மான் வீதியில் நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும். மோதிவிட்டால் பொலிஸுக்கு உடனே சொல்ல வேண்டும், சட்டம் அது. அந்த மான் ஒருவருடையது.